கடலுக்குப் போகிறவருக்கு லித்தியம் எழுதும்போது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிட்டால் மறதி நோய் வராது என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடிப்படை பொய்யில்லை. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2025 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. மூளையில் இயல்பாகவே துளியளவு லித்தியம் இருக்கிறது; அல்சைமர் நோயில் சேரும் அமிலாய்டு படிவுகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன; லித்தியம் ஓரோடேட் என்ற உப்பை மிகமிகக் குறைந்த அளவில் கொடுத்தபோது எலிகளின் நினைவாற்றல் தேறியது. அந்தக் கட்டுரை சொல்வது இவ்வளவுதான். எலிகளுக்குக் கொடுத்த அளவு, மனநோய்க்குக் கொடுக்கும் அளவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஆய்வில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை. ஆகவே ஆன்லைனில் ஓரோடேட் டப்பா வாங்குவதும், அதைவிட மோசமாக, வீட்டில் இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்த லித்தியம் மாத்திரையைத் தாத்தாவுக்குக் கொடுத்துப் பார்ப்பதும் வேண்டாம்.

கடலோரத்தில் மனநலப் பணி செய்யும் எங்கள் கவலை அந்த லித்தியம் பற்றியதல்ல. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் 300 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கும் லித்தியம் கார்பனேட் பற்றியது. தூக்கமே இல்லாத வேகமும் பேச்சும் கைமீறிய செலவும் சில வாரம், எழுந்து முகம் கழுவக்கூட முடியாத சோர்வு சில மாதம் என்று மாறிமாறி வருகிற பைபோலார் நோய்க்கு, ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் 1949இல் இதன் பலனை எழுதினார். எத்தனையோ புது மருந்துகள் வந்தும் இதை அசைக்க முடியவில்லை. 2010இல் 'லான்செட்' இதழில் வந்த பேலன்ஸ் ஆய்வில், நோய் திரும்பாமல் தடுப்பதில் வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்தைவிட லித்தியம்தான் மேல் என்று தெரிந்தது. தற்கொலையைக் குறைப்பதில் இதற்கு இருக்கும் சான்று இந்த நோய்க்கான வேறெந்த மருந்துக்கும் இல்லை. எனவே கீழே எழுதுவதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதால் வரும் ஆபத்தையும் பின்னால் சொல்கிறோம்.

சிக்கல் மருந்தின் குணத்தில் இருக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் அது மருந்து. 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. 2ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. (சில ஆய்வகங்கள் மில்லிஈக்விவலென்ட் என்று அச்சிடும், லித்தியத்துக்கு இரண்டும் ஒரே எண்தான், குழம்ப வேண்டாம்.) இவ்வளவு குறுகிய இடைவெளியில் நிற்கும் மருந்துகள் மிகச் சில. அதுவும் இந்த இடைவெளியை உப்பும் தண்ணீரும்தான் தீர்மானிக்கின்றன. லித்தியம் கல்லீரலில் உடைவதில்லை. உள்ளே போனது போனபடியே சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரகத்துக்கு லித்தியத்தையும் சோடியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் அது வெளியேறும் சோடியத்தைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும். கூடவே லித்தியமும் திரும்பி வந்துவிடும். மாத்திரை எண்ணிக்கையில் மாற்றமில்லை, ரத்த அளவு மட்டும் ஏறும்.

இப்போது நம் கடற்கரையை யோசித்துப் பாருங்கள். ராமேசுவரத்தில் காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் புறப்படும் விசைப்படகு மறுநாள் விடியலில்தான் கரைக்கு வருகிறது. நாட்டுப்படகிலும் வள்ளத்திலும் நிழல் கிடையாது. வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி வாருபவரும், முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிமூட்டத்தில் நிற்பவரும் வெயிலிலேயே வேகிறார்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கத்திலிருந்து தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு இன்னொரு தொல்லை: படகிலும் தீவிலும் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரையே குறைத்துக் குடிப்பது. இவர்களில் ஒருவருக்கு லித்தியம் எழுதும்போது 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று வாயால் சொல்லி அனுப்புவது போதாது. எவ்வளவு, எதில், எப்போது என்று சொல்ல வேண்டும்.

வியர்வையோடு லித்தியமும் கொஞ்சம் வெளியேறும் என்பது உண்மைதான். ஓட்டக்காரர்களிடம் செய்த ஒரு சிறு ஆய்வில் ரத்த அளவு குறைந்தே இருந்தது. வெறும் வியர்வை அல்ல ஆபத்து. போன உப்பையும் நீரையும் ஈடுகட்டாமல் விடுவதுதான். வெயில் வேலைக்குப் போகும் ஒருவருக்கு நாளுக்கு 3 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். கடும் வெயிலில் அதுவும் போதாது. படகில் எல்லோருக்கும் பொதுவாக ஏற்றும் 20 லிட்டர் கேனை நம்பியிராமல், தனக்கென்று தனியாக ஒரு 5 லிட்டர் கேன் வைத்துக்கொண்டால் எவ்வளவு குடித்தோம் என்பதும் தெரியும். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் நல்லவை. ஓஆர்எஸ் கலக்குவதென்றால் 21 கிராம் பொட்டலம் 1 லிட்டருக்கு, 4.2 கிராம் சிறு பொட்டலம் 200 மில்லிக்கு. சிறு பொட்டலத்தை ஒரு லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கினால் உப்பு ஐந்தில் ஒரு பங்குதான் சேரும். கடல் கொந்தளிப்பில் வாந்தி எடுத்தாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ அன்றைய லித்தியத்தைப் போடாமல் விட்டுவிட்டு, கரைக்கு வந்ததும் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்த்து ரத்த அளவு எடுக்க வேண்டும். ஒரு நாள் மாத்திரை விட்டால் நோய் திரும்பிவிடாது. வறண்டுபோன உடம்பில் மாத்திரை மேல் மாத்திரை போட்டால்தான் கெடும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்காரர் கரையில் இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பாடு, போதுமான தண்ணீர், இரவுத் தூக்கம். அந்த நாட்களில் எடுத்த ரத்த அளவு 0.8 என்று வந்தால் எல்லாம் சரி என்று விட்டுவிடுகிறோம். ஜூன் 15க்குப் பிறகு அதே மாத்திரை, வேறு உடம்பு. எந்த மாற்றத்துக்குப் பிறகும் ரத்த அளவு நிலைபெற 5 முதல் 7 நாள் ஆகும். கடலுக்கு மறுபடி போக ஆரம்பித்து ஒரு வாரம், பத்து நாளில் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எங்கள் அனுபவத்தில் வெயிலைவிட அதிகம் கவலை தருவது மருந்துக்கடை. வலை இழுத்த தோளுக்கும் இடுப்புக்கும் 'உடம்பு வலிக்கு ஒரு செட்' என்று கேட்டால் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அந்த செட்டில் டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், ஐபுபுரூபன் வகையில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். இவை சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தைக் குறைத்து லித்தியத்தை உள்ளேயே நிறுத்திவிடும். ஒரு மாத்திரையால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாலு நாள், ஐந்து நாள் காலையும் மாலையும் தொடர்ந்தால், அதுவும் தண்ணீர் குறைந்த உடம்பில், அளவு நஞ்சு எல்லையைத் தொட்டுவிடும். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும், லித்தியத்தோடு அதற்குச் சண்டையில்லை. ஆனால் பட்டையில் பாரசிட்டமால் என்று படித்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அசிக்ளோபெனாக் என்றோ டைக்ளோபெனாக் என்றோ சேர்ந்திருக்கும். வலி ஊசியும் இதே கதைதான். மருந்துக்கடைத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வலி மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் 'வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று கேளுங்கள். கூட்டத்துக்கு நடுவே மனநோய் மாத்திரை என்று வாய்விட்டுச் சொல்ல யாரும் கூசுவார்கள். சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டால் காட்டுவார்கள்.

அடுத்தது ரத்த அழுத்த மாத்திரை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் பி.பி. நோட்டு ஒன்று, மனநல நோட்டு இன்னொன்று. இரண்டையும் ஒருவரே பார்ப்பதில்லை. எனாலப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகிய எல்லாமே லித்தியத்தை ஏற்றக்கூடியவை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் லித்தியம் சாப்பிடும் முதியோர் பத்தாயிரம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, எனாலப்ரில் வகை மருந்தைத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் லித்தியம் நச்சுக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் கூடியது. பி.பி.க்கு மருந்தே கூடாது என்பதல்ல. அம்லோடிபின் இந்த விஷயத்தில் அவ்வளவு தொந்தரவு தராது. வேறு வழியில்லாமல் எனாலப்ரில்தான் என்றால் லித்தியத்தைக் குறைத்து, ஒரு வாரத்தில் அளவு பார்க்க வேண்டும்.

அதோடு, 'உப்பைக் குறையுங்கள், கருவாட்டை நிறுத்துங்கள்' என்ற அறிவுரை. தினம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவர் ஒரே நாளில் உப்பில்லாக் கஞ்சிக்கு மாறினால் லித்தியம் ஏறும். பிறகு பொறுக்க முடியாமல் பழையபடி கருவாட்டுக்குத் திரும்பினால் இறங்கும், நோய் எட்டிப் பார்க்கும். லித்தியம் சாப்பிடுபவருக்கு உப்பு கூடவா குறைவா என்பதைவிட, நேற்றைப் போலவே இன்றும் இருப்பதுதான் முக்கியம். குறைக்கத்தான் வேண்டும் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக. டீயும் அப்படித்தான். படகில் நாளுக்கு ஏழெட்டு டீ குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் அளவு உயரும். காபீன் லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிக்கொண்டிருந்தது நின்றுவிடுகிறதல்லவா.

ரத்தம் எடுப்பதில் நடக்கும் தவறுகள் தனி ரகம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்துக்குத்தான் மேலே சொன்ன எண்கள் பொருந்தும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். கடலோரத்தில் இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது, அதுதான் இன்னும் ஆபத்து. முந்தின இரவு கடலில் இருந்தவர் மாத்திரையை எடுத்துப் போக மறந்திருப்பார். விடியலில் கரை சேர்ந்து, மீனை இறக்கிவிட்டு நேராக மருத்துவமனைக்கு வருவார். அளவு 0.3 என்று வரும். மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவார். அவரோ கூட்டியதை மறுவாரம் முதல் ஒழுங்காகச் சாப்பிடுவார். நச்சு உருவாகும் வழிகளில் இது ஒன்று. எனவே ஆய்வகச் சீட்டில் மூன்று விவரம் கட்டாயம் இருக்க வேண்டும்: கடைசி மாத்திரை போட்ட நேரம், கடந்த ஒரு வாரத்தில் எத்தனை வேளை விட்டுப்போனது, கடலுக்குப் போய் வந்த நாள்.

ரத்தம் எடுக்கும் குழாயும் முக்கியம். பச்சை மூடிக் குழாய்களில் ஒரு வகைக்கு உறையாமல் இருக்கப் பூசுவது லித்தியம் ஹெப்பாரின். அந்தக் குழாயில் எடுத்தால் நோயாளியின் லித்தியத்தோடு குழாயின் லித்தியமும் சேர்ந்து அளவாகும். மருந்தே சாப்பிடாதவருக்குக்கூட நஞ்சு அளவு காட்டும். மருந்து பூசாத சிவப்பு மூடிக் குழாய்தான் சரி. வழக்கமான நாட்களில் முதல் ஆண்டு 3 மாதத்துக்கு ஒரு முறை, பிறகு நிலையாக இருப்பவருக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை அளவு பார்க்கலாம். கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் பரிசோதனை), தைராய்டு, கால்சியம் 6 மாதத்துக்கு ஒரு முறை. முதியவருக்கும், பி.பி. மாத்திரை சேர்ந்தவருக்கும், கர்ப்பிணிக்கும் இந்த இடைவெளி போதாது.

நஞ்சு ஏறியதை எப்படித் தெரிந்துகொள்வது? விரல்களில் மெல்லிய நடுக்கம் லித்தியத்தில் சாதாரணம். வலை பின்னும் ஊசியில் நூல் கோக்கச் சற்று நேரமாகும், அவ்வளவே. அந்த நடுக்கம் பெரிதாகி டம்ளர் தண்ணீர் சிந்தும் அளவுக்குப் போனால், வாந்தியும் பேதியும் சேர்ந்தால், நாக்கு குழறினால், கால் தள்ளாடினால், பகலிலேயே மயங்கி மயங்கி விழுந்தால் அது நஞ்சு. இந்த அடையாளங்களை வரிசையாகப் பாருங்கள்: தள்ளாட்டம், குழறல், வாந்தி. கரையில் இருப்பவர்கள் 'குடித்திருக்கிறான்' என்று விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர்கள் 'கடல் ஒத்துக்கொள்ளவில்லை' என்று படுக்க வைத்துவிடுவார்கள். இரண்டிலும் போவது நேரம். மாத்திரையை நிறுத்திவிட்டு, 108ஐ அழைத்து, மருத்துவமனையில் முதல் வார்த்தையாக 'லித்தியம் சாப்பிடுகிறார்' என்று சொல்ல வேண்டும், மாத்திரைப் பட்டையையும் கையில் கொண்டுபோக வேண்டும்.

பணியில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்கு இரண்டு வரி. கரித்தூள் லித்தியத்தைப் பிடிக்காது. அதைக் கொடுத்துக் காத்திருப்பதில் பயனில்லை, சலைன் தொடங்குங்கள். பல மாதமாகச் சாப்பிட்டு வந்தவருக்கு அளவு 1.8 மட்டுமே இருந்தாலும் மூளை மோசமாகப் பாதிக்கப்பட்டிருக்கலாம். எண் சிறியது என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ரத்தத்தில் இறங்கினாலும் திசுக்களிலிருந்து திரும்ப ஊறி வரும் என்பதால் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அளவு பாருங்கள். குழப்பமோ வலிப்போ வந்தவருக்கும், சிறுநீரகம் சரியில்லாதவருக்கும் டயாலிசிஸ் யோசனையைத் தள்ளிப்போடக் கூடாது. தாமதித்த சிலருக்குத் தள்ளாட்டம் வாழ்நாள் முழுக்க நின்றுவிடுகிறது. அதன்பின் படகில் ஏற முடியாது.

வெயிலின் கொடுமை லித்தியம் சாப்பிடுபவரோடு முடிவதில்லை. 2021 ஜூனில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வந்த கடும் வெப்ப அலையில் 619 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரியவந்தது. நெஞ்சு நோய், சர்க்கரை நோயைவிட இதுதான் முன்னால் நின்றது. தனிமை, வறுமை, நோயின் தன்மை எல்லாம் இதில் பங்கு. மருந்துகளும் ஒரு பங்கு. ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்றவை உடல் சூட்டைச் சமன் செய்யும் மூளைப் பகுதியைத் தொடுகின்றன. குளோர்புரோமசின் சாப்பிடுபவரின் தோல் வெயிலில் சீக்கிரம் பொசுங்கும்.

இவற்றைவிட நாங்கள் கைநீட்டிக் குறை சொல்வது கூடவே எழுதப்படும் டிரைஹெக்சிபெனிடில் 2 மில்லிகிராம் மாத்திரையை. இந்த மருந்துகளால் கை இறுக்கம் வராமல் இருக்க என்று ஆண்டுக்கணக்கில் காலையும் மாலையும் தொடர்கிறது. எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியும் மாறவில்லை. அது வியர்வையை அடைக்கும். வியர்க்காத உடம்பு உப்பளத்தில் நின்றால் சூடு ஏறித்தான் தீரும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், கிட்ட இருப்பது மங்கலாகத் தெரியும். வலைக்கண் தெரியாமல் 'கண்ணாடி போட வேண்டும்' என்று கண் முகாமுக்குப் போகிறவர்களில் சிலருக்கு வேண்டியது கண்ணாடி அல்ல, இந்த மாத்திரையைக் குறைப்பது. மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான், தானாக அல்ல. தோல் வறண்டு கொதித்து, பேச்சு தடுமாறினால் நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் நனைத்து விசிறுங்கள். படகில் மீனுக்கு வைத்த ஐஸ் இருக்கும்; துணியில் சுற்றி அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். சுயநினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நோன்பு பற்றியும் சொல்ல வேண்டும். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று நம் கடற்கரை நெடுக அது வாழ்க்கையின் பகுதி. பாகிஸ்தானில் சிறுநீரகம் நன்றாக இருந்த பைபோலார் நோயாளிகளைக் கண்காணித்து நடத்திய ஓர் ஆய்வில் ரமலானில் லித்தியம் அளவு பெரிதாக மாறவில்லை. மொராக்கோவில் 20 பேரை வைத்து நடத்திய பழைய ஆய்வில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் திரும்பியது. இரண்டும் முரண் அல்ல. லித்தியம் அளவு சரியாக இருந்தும் நோய் திரும்பக் காரணம் தூக்கம் கெடுவது என்பது எங்கள் கணிப்பு. பைபோலாரில் வேகம் ஏறுவதற்குத் தூக்கக் குறைவைவிட உறுதியான தூண்டுதல் வேறில்லை. இரவு முழுக்கக் கடலில் விழித்திருப்பவருக்கும் இதே விதி. தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடித்துப் பேசிக்கொண்டிருந்து, சஹர் என்ற விடியலுக்கு முந்தைய உணவுக்கும் எழுந்தால் மிஞ்சுவது மூன்று மணி நேரம். நோன்பு வைக்க விரும்புபவர் ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் சொல்லி, கிரியாட்டினின் பார்த்து, முழு அளவையும் இரவில் ஒரே வேளையாக மாற்றிக்கொள்ளலாம். இப்படி மாற்றியபின் 12 மணி நேர அளவு முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும், அதைக் கண்டு பதற வேண்டாம். நோன்புக் கஞ்சியில் உப்பும் நீரும் இருக்கிறது. அதோடு நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை 2.5 லிட்டர் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவரும், அண்மையில் நோய் திரும்பியவரும், வயதானவரும் நோன்பை விடுவதற்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. இதை ஆலிம்கள் எடுத்துச் சொன்னால் நாங்கள் சொல்வதைவிடக் கேட்பார்கள்.

நிறுத்துவதன் ஆபத்துக்கு வருகிறோம். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு, மெல்லக் குறைத்து நிறுத்துவதைவிட அதிகம். குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துக் குறைக்க வேண்டும். நம் கடற்கரையில் மாத்திரை சட்டென்று நிற்க ஒரு தனிக் காரணம் உண்டு: எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப் போவது. வாரக்கணக்கில் சிறையில் இருக்கும்போது மாத்திரை இருக்காது, என்ன மாத்திரை என்று சொல்லவும் சீட்டு இருக்காது. மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வீட்டிலும் படகு உரிமையாளரிடமும் வைத்திருந்தால், பிடிபட்டவர் பட்டியலை மீன்வளத்துறையிடம் கொடுக்கும்போதே மருந்து விவரத்தையும் எழுதிக் கொடுத்து, யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாக அனுப்பச் சொல்லலாம். ஏர்வாடி தர்காவுக்கு வெளியூரிலிருந்து வந்து தங்குபவர்களிலும் மாத்திரையை ஊரிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6இல் அந்த ஊரில் ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் மாண்ட பிறகு நிறைய மாறியிருக்கிறது. சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது. துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் அங்கேயே கிடைக்கிறது. வந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி, ஊரில் சாப்பிட்ட மாத்திரை என்ன, எப்போது நின்றது என்பது.

கண்காணிப்பு தொல்லை என்று லித்தியத்தை விட்டு வால்ப்ரோயேட்டுக்கு மாற்றிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு அது எளிய வழியல்ல. கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை, நூற்றில் முப்பது நாற்பது பேருக்கு வளர்ச்சிக் குறை. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் 55 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் யாருக்கும் இரண்டு நிபுணர்கள் ஒப்புக்கொண்டால்தான் புதிதாகத் தொடங்க முடியும். லித்தியத்திலும் கர்ப்பத்தில் கவனம் வேண்டும். ஆனால் ரத்த அளவு பார்த்துச் சமாளிக்க முடிகிற மருந்து அது.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. லித்தியம் அளவு பார்க்க நோயாளி ஊர் விட்டு ஊர் போகத் தேவையில்லை, ரத்தம் எடுத்த குழாய் போனால் போதும். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்ற தெளிநீர் அறைச் சூட்டில் 24 மணி நேரமும், குளிர்பெட்டியில் ஒரு வாரமும் கெடாமல் இருக்கும். தொண்டி, ராமேசுவரம், கீழக்கரை, சாயல்குடிப் பக்கத்து அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காலை 9 மணிக்கு எடுத்து, சீரத்தைப் பிரித்து, தடுப்பூசிக்குப் பயன்படுவது போன்ற குளிர்பெட்டியில் வைத்து, அளவு பார்க்கும் வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முடிவு 1.2க்கு மேல் வந்தால் அன்றே நோயாளியின் வீட்டுக்குத் தொலைபேசி போக வேண்டும். அடுத்த முகாம் வரை காத்திருக்கக் கூடாது. மாத்திரை உறையின் மேல் தமிழில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: 'லித்தியம் – வலி மாத்திரை கேட்காமல் போடாதீர்கள் – வாந்தி, பேதி, தள்ளாட்டம் என்றால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்.' மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரின் பதிவேட்டில் 'லித்தியம் உண்டா?' என்று ஒரு கட்டம். இரவில் சந்தேகம் வந்தால் கேட்க 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண் இருக்கிறது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை மீன் இறங்குதளங்களிலும் டோக்கன் கொடுக்கும் இடத்திலும் எழுதிப்போட ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கும். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் லித்தியம் சாப்பிடும் ஒவ்வொருவருக்கும் லித்தியம் அளவு, கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் ஒரு சுற்று பார்த்து முடித்து, ஜூன் கடைசி வாரத்துக்கு இரண்டாவது ரத்தப் பரிசோதனைத் தேதியையும் அப்போதே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கடலோர மனநலப் பணியாளர்கள் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டம்.